பேக் அழுத்தினால் எது மூட வேண்டும்?

போன தை மாதம், சம்பா அறுவடை மும்முரமாக நடந்த நேரம். பாபநாசம் பக்கத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கத்து விவசாயிகள் சிலர் நெல் கணக்கு வைத்துக்கொள்ள நான் ஒரு சின்ன ஆப் எழுதிக் கொடுத்திருந்தேன். யார் வயல், சர்வே எண் என்ன, எத்தனை மா நிலம், என்ன ரகம், 40 கிலோ மூட்டையில் எத்தனை மூட்டை, கொள்முதல் நிலையத்துக்கு என்றைக்கு ஏற்றியது. இவ்வளவையும் ஒரே திரையில் நிரப்ப வேண்டும்.

சித்தப்பா ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே வந்தார். 'ரகம்' என்ற கட்டத்தைத் தொட்டதும் ஒரு பட்டியல் எழும்பி வந்தது: ஆடுதுறை 45, கோ 51, பி.பி.டி. 5204, சி.ஆர். 1009. அந்த வயலில் எதைப் போட்டோம் என்று அவருக்குச் சந்தேகம். சித்தியிடம் கேட்டுவிட்டு வரலாம் என்று, பட்டியலை மூடுவதற்காகப் போனின் அடியில் இருக்கும் பேக்கை, அதாவது பின்னால் போகும் பொத்தானை, அழுத்தினார். பட்டியலோடு சேர்ந்து முழுத் திரையும் மூடிக்கொண்டது. ஆப்பின் முதல் பக்கம் வந்து நின்றது.

"எழுதுனதெல்லாம் எங்கம்மா போச்சு?" என்றார்.

அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. பிழை நான் எழுதியதில் இருந்தது. அன்று ராத்திரியே உட்கார்ந்து அதைச் சரிசெய்தேன். சரிசெய்யும்போதுதான், பேக் என்ற இந்த ஒரு பொத்தானுக்குள் எத்தனை விஷயம் இருக்கிறது என்று எனக்கே முழுதாகப் புரிந்தது. ஆப் எழுதக் கற்றுக்கொள்பவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன். எழுதாதவர்களும் படிக்கலாம். நீங்கள் தினமும் அழுத்துகிற பொத்தான்தானே.

அட்டியின் மேல் மூட்டை

போன் திரையை ஒரே தாள் என்று நினைக்காதீர்கள். அது ஓர் அடுக்கு. கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கடைசியாக வைத்த மூட்டைதான் மேலே இருக்கும். எடுக்கும்போது அதைத்தான் முதலில் எடுக்க முடியும். நடுவில் இருப்பதை உருவினால் அட்டி சரிந்துவிடும்.

ஆப்பும் அப்படித்தான். முதல் பக்கம் கீழே கிடக்கிறது. அதன்மேல் நெல் கணக்குத் திரை வந்து உட்காருகிறது. அதற்கும் மேலே ரகங்களின் பட்டியல். பேக் என்றால் "மேலே இருக்கும் ஒன்றை மட்டும் எடு" என்று அர்த்தம். ஒரு அழுத்தத்துக்கு ஒரு மூட்டை. பட்டியல் திறந்திருக்கும்போது பேக் அழுத்தினால் பட்டியல் மட்டும் போக வேண்டும், கீழே இருக்கும் திரை அசையாமல் நிற்க வேண்டும். இன்னொரு முறை அழுத்தினால்தான் திரை மூடலாம்.

இப்படி மேலே எழும்பி வருகிறவை பலவகை. மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால் வரும் மெனு ஒன்று. அழுத்திப் பிடித்தால் வருவது, தேதி எடுக்கும் காலண்டர், திரையின் அடியிலிருந்து ஏறி வரும் பலகை, "அழித்துவிடவா?" என்று கேட்கும் பெட்டி எல்லாம் இதே கூட்டம்தான். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கண்ணுக்கு ஒன்றின் மேல் ஒன்று இருப்பதாகத் தெரிந்தால், பேக்கும் அதை ஓர் அடுக்காக மதிக்க வேண்டும். நான் சொல்ல வருவதே இதுதான். நிரல் எழுதுகிறவரின் மனதில் எந்த வரிசை இருக்கிறது என்பதைப் போன் பிடித்திருப்பவர் பார்க்க முடியாது. அவருக்குத் தெரிவது திரை மட்டும்.

விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் எதையாவது தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது பேக் அழுத்திப் பாருங்கள். முதலில் விசைப்பலகைதான் இறங்கும். திரை அப்படியே இருக்கும். மூன்று பொத்தான் வைத்திருக்கும் பல போன்களில், விசைப்பலகை ஏறியிருக்கும்போது அந்த பேக் முக்கோணமே கீழ்நோக்கித் திரும்பி நிற்கும். "இப்போது அழுத்தினால் இதுதான் இறங்கும்" என்று முன்கூட்டியே சொல்கிற அடையாளம் அது. பல வருடம் போன் பயன்படுத்தியும் இதைக் கவனிக்காதவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் விரலுக்கு அது தெரியும். சித்தப்பாவின் விரலுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் பட்டியல் மட்டும் மூடும் என்று நம்பி அழுத்தினார்.

தலைமடையும் கடைமடையும்

சரி, அழுத்திய பேக் எந்த வழியாகப் போய்ச் சேருகிறது?

நம் பக்கத்தில் இதைச் சொல்வது சுலபம். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் தலைமடைக்காரருக்குத்தான் முதலில் கிடைக்கும். அவர் மடையைத் திறந்து வைத்திருந்தால் அவர் வயலில் பாயும். மூடி வைத்திருந்தால் அடுத்தவருக்குப் போகும். யாருமே எடுக்கவில்லை என்றால் கடைமடைக்கு வந்து சேரும். பேக் அழுத்தமும் இப்படித்தான் இறங்குகிறது. மேலே இருக்கும் அடுக்குக்கு முதல் உரிமை. அது எடுத்துக்கொண்டால் அதோடு முடிந்தது, கீழே சொட்டுக்கூட வராது. எடுக்காவிட்டால் அடுத்த அடுக்கு, அப்புறம் திரை, கடைசியில் போனின் முகப்பு. நீர் பங்கீட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்: இங்கே பாதி எடுத்துப் பாதி விடுவது கிடையாது. ஒரு அழுத்தம் ஒருவருக்கு மட்டும்.

என் ஆப்பில் தலைமடை மூடிக் கிடந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், புதிதாக எழுதுகிற பலர் சறுக்குகிற இடம் இது.

ஆண்ட்ராய்டில் எழும்பி வரும் மெனு பெரும்பாலும் தனியாக ஒரு விண்டோ. கீழே இருக்கும் திரை இன்னொரு விண்டோ. ஒரு நேரத்தில் ஒரு விண்டோவுக்குத்தான் ஃபோகஸ் இருக்கும், அதாவது விசை அழுத்தங்களை வாங்கும் உரிமை. பேக் என்பது ஆண்ட்ராய்டின் கணக்கில் ஒரு விசை, அதன் எண் 4. ஆகவே ஃபோகஸ் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் பேக் போகும்.

அமைப்போடு வருகிற தயார் மெனுவைப் பயன்படுத்தியிருந்தால் இந்த உரிமையெல்லாம் தானாகக் கிடைத்திருக்கும். நான் எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று, பாப்அப்விண்டோ என்ற கருவியை எடுத்து சொந்தமாக ஒரு பட்டியல் செய்தேன். அந்தக் கருவிக்கு உள்ளடக்கம், அகலம், உயரம் மட்டும் கொடுத்து உருவாக்கினால், ஃபோகஸ் வாங்காத நிலையில்தான் அது பிறக்கும். ஃபோகசபிள் என்ற அமைப்பை நாமே இயக்கிவிட வேண்டும். நான் இயக்கவில்லை.

இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், ஃபோகஸ் இல்லாவிட்டாலும் தொடுதல் வேலை செய்யும். பட்டியலில் ஒரு ரகத்தைத் தொட்டால் அது தேர்வாகும். எழுதிச் சோதித்தபோது நான் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்தே மூடினேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. எதையும் தேர்ந்தெடுக்காமல் பின்வாங்குகிற ஒருவர் வந்தபிறகுதான் மூடிக் கிடந்த மடை வெளியே தெரிந்தது. பேக் நேராகக் கீழே இருந்த திரைக்குப் போனது. திரை தனக்குத் தெரிந்ததைச் செய்தது: மூடிக்கொண்டது.

ஃபோகசபிள் என்பதை இயக்க ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது. ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய பதிப்புகளில் இன்னொரு விசித்திரமும் உண்டு. பாப்அப்விண்டோவுக்குப் பின்னணி எதுவும் கொடுக்காவிட்டால், ஃபோகஸ் இருந்தாலும் அது பேக்குக்கு மூடாது. பழைய போன்களுக்கும் சேர்த்து எழுதுகிறவர்கள், கண்ணுக்குத் தெரியாத நிறத்திலாவது ஒரு பின்னணி வைத்துவிடுங்கள்.

ஃப்ளட்டர் என்ற ஆப் எழுதும் கருவியில் எழுதுகிறவர்களுக்கும் இதே கேள்வி வேறு உருவத்தில் வரும். அங்கே ஷோமெனு என்று கூப்பிட்டு வரும் மெனு, திரைகளைப் போலவே நேவிகேட்டரின் (திரைகளை அடுக்கி வைக்கும் பகுதியின்) அடுக்கில் ஏறுகிறது. ஆகவே பேக் அதை முதலில் எடுக்கும். திரைக்கு மேலே நாமே ஓவர்லேயாக மிதக்கவிட்ட ஒன்று அந்த அடுக்கில் இருக்காது. அதைப் பற்றி நேவிகேட்டருக்கு ஒன்றும் தெரியாது. பேக்கைப் பிடித்துக்கொள்ள உதவும் பாப்ஸ்கோப் போன்ற ஒன்றை வைத்து நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எந்தக் கருவியில் எழுதினாலும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: என் மெனு அட்டியில் ஏறியிருக்கிறதா, அல்லது அட்டிக்கு மேலே சும்மா காற்றில் தொங்குகிறதா?

பேக் என்றால் 'வேண்டாம்'

சோதித்துப் பார்க்கும்போது ஒரு பெட்டி என்னை யோசிக்க வைத்தது. "இந்தப் பதிவை அழித்துவிடவா? ஆம் / வேண்டாம்." இந்தப் பெட்டி திறந்திருக்கும்போது பேக் அழுத்தினால் என்ன அர்த்தம்?

எனக்குச் சந்தேகமே இல்லை. பேக் என்றால் 'வேண்டாம்'தான். பேக் ஒருபோதும் 'ஆம்' ஆகக் கூடாது. கேள்வி கேட்கும் முன்பு எல்லாம் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பிப் போவதுதான் பின்வாங்குவது. மெனுவுக்கும் அதே. பட்டியலைத் திறந்து, விரல் ஏதோ ஒரு ரகத்தின் மேல் நின்றிருந்தாலும், பேக் அழுத்தினால் முன்பு இருந்த ரகமே இருக்க வேண்டும்.

சில பெட்டிகளை பேக்கால் மூட முடியாதபடி வைக்கலாம். ஆண்ட்ராய்டில் அதற்கென்று தனி அமைப்பே இருக்கிறது. பணம் போய்க்கொண்டிருக்கிறது, நடுவில் விட்டால் குழப்பம் என்றால் அது நியாயம். ஆனால் ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்று கேட்கும் பெட்டியையும், புதுப்பதிப்பு வந்திருக்கிறது என்று சொல்லும் பெட்டியையும் அப்படிப் பூட்டி வைப்பது மனிதரை வழிமறிப்பது. நான் அதைச் செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள்.

நிரப்பிய படிவத்தை விட்டு வெளியே போகும்போது "எழுதியதை விட்டுவிட்டுப் போகவா?" என்று ஒரு முறை கேட்பது நல்லது. அதையும் சேர்த்துவிட்டேன். மெனு மூடும்போது மட்டும் எதுவும் கேட்கக் கூடாது. அதில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

மெனுவுக்கு வெளியே தொட்டாலும் மெனு மூடும் என்பது எல்லோருக்கும் பழகியது. அந்தத் தொடுதல் மெனுவை மூடுவதோடு நின்றுவிட வேண்டும். வெளியே தொட்ட இடத்தில் தற்செயலாக 'அனுப்பு' பொத்தான் இருந்தால் அது அழுந்தக் கூடாது. களத்தில் நின்றுகொண்டு, மண் கையோடு, வெயிலில் திரை சரியாகத் தெரியாமல் தொடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். எங்கே தொடுகிறோம் என்று அவர்களால் அவ்வளவு துல்லியமாகப் பார்க்க முடியாது. பேக் மட்டும் எப்போதும் ஒரே இடத்தில், கட்டை விரலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் அதை நம்புவதற்கு அதுதான் காரணம்.

பொத்தான் ஓரத்துக்குப் போன கதை

2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் பேக் என்பது கையால் அழுத்துகிற நிஜப் பொத்தான். 2011-இல் ஆண்ட்ராய்டு 4.0 வந்தபோது போன்களில் அது திரைக்குள்ளேயே வரைந்த பொத்தானாக ஏறியது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10-இல் பொத்தானே இல்லாமல் இடது அல்லது வலது ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் பேக் என்று ஒரு வழி வந்தது. இழுத்தாலும் அழுத்தினாலும் ஆப்புக்கு அது ஒரே பேக்தான்.

2022-இல் ஆண்ட்ராய்டு 13-இல் உள்ளுக்குள் ஒரு பெரிய மாற்றம் தொடங்கியது. அதுவரை, பேக் அழுத்தியபிறகுதான் போன் ஆப்பைக் கேட்கும்: "இதை நீ எடுத்துக்கொள்கிறாயா?" இப்போது ஆப் முன்கூட்டியே பெயர் கொடுத்து வைக்க வேண்டும்: "என்னிடம் மூட வேண்டிய மெனு ஒன்று திறந்திருக்கிறது, அடுத்த பேக் எனக்கு வேண்டும்." மெனு மூடியதும் பெயரை எடுத்துவிட வேண்டும். ஏன் இந்த ஏற்பாடு என்றால், ஓரத்திலிருந்து மெதுவாக இழுக்கும்போதே, விட்டால் எங்கே போய்ச் சேருவோம் என்று போன் முன்னோட்டம் காட்ட விரும்புகிறது. பாதி இழுத்துப் பார்த்து, வேண்டாம் என்றால் திரும்பவும் தள்ளிவிடலாம். யார் எடுக்கப் போகிறார்கள் என்று முன்பே தெரியாமல் முன்னோட்டம் காட்ட முடியாது. 2025-இல் வந்த ஆண்ட்ராய்டு 16-ஐ இலக்காக வைத்து எழுதும் ஆப்களில் இந்தப் புதிய வழியே இயல்பு. ஆன்பேக்பிரஸ்ட் என்ற பழைய வழியில் எழுதிய நிரலை அங்கே போன் கூப்பிடுவதே இல்லை. பழைய பாடங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவர்கள் இதில் கவனமாக இருங்கள்.

பெயர் கொடுத்துவிட்டு எடுக்க மறந்தால் இன்னொரு தொல்லை வரும். மெனு மூடிப் போயிருக்கும், ஆனால் அடுத்த பேக்கை அந்த இல்லாத மெனு விழுங்கும். அழுத்துகிறவருக்குத் திரை நகரவே இல்லை என்று தோன்றும். திரும்பத் திரும்ப அழுத்துவார்.

ஐபோனில் போன் முழுவதற்குமான பேக் பொத்தான் கிடையாது. 2013-இல் ஐஓஎஸ் 7-இலிருந்து இடது ஓரத்திலிருந்து இழுத்து முந்தைய திரைக்குப் போகும் வழி இருக்கிறது. மெனுவை மூட வெளியே தொடுவதுதான் அங்கே வழக்கம். இரண்டு வகைப் போனுக்கும் ஆப் எழுதுகிறவர் ஐபோனில் மட்டும் சோதித்துவிட்டு அனுப்பினால், பேக் பற்றிய பிழை எதுவும் அவர் கண்ணில் படவே படாது.

போனில் திறக்கும் இணையப் பக்கங்களில்தான் இந்தத் தொல்லை மிக அதிகம். பிரவுசரின் பேக்குக்குத் தெரிந்தது நீங்கள் பார்த்த பக்கங்களின் வரிசை மட்டும். பக்கத்துக்குள் எழும்பிய மெனு அந்த வரிசையில் இல்லை. ஆகவே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு பேக் அழுத்தினால் பக்கத்தையே விட்டு வெளியே போய்விடுவோம். சிலர் மெனு திறக்கும்போது வரிசையில் ஒரு பொய்ப் பக்கத்தைச் சேர்த்துவைத்துச் சமாளிப்பார்கள். அது வேலை செய்யும், ஆனால் மெனுவை வேறு வழியில் மூடினாலும் அந்தப் பொய்ப் பக்கத்தை நினைவாக எடுக்க வேண்டும். 2024-இலிருந்து ஆண்ட்ராய்டு குரோமில் இதற்கு நேரான வழி வந்திருக்கிறது. அந்த வழியில் எழுதிய பெட்டி பக்கத்தில் திறந்திருந்தால் பேக் அதை முதலில் மூடும். கணினியில் எஸ்கேப் விசை செய்கிற அதே வேலையை போனில் பேக் செய்கிறது என்று எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

பார்வையற்றவர்கள் டாக்பேக் என்ற வாசிப்பானோடு போனைப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் விரலைக் கீழே இழுத்து அப்படியே இடப்பக்கம் திருப்பினால் அது பேக். மெனுவுக்கு 'வெளியே' தொடு என்று அவர்களிடம் சொல்ல முடியாது. வெளியே என்பது கண்ணால் பார்த்தால் மட்டும் இருக்கிற இடம். பேக் மெனுவை மூடாவிட்டால் அவர்களுக்கு வேறு வாசல் தேடுவது மிகவும் கடினம். மெனு மூடியதும் வாசிப்பான், மெனுவைத் திறந்த அதே கட்டத்துக்குத் திரும்பி வர வேண்டும். திரையின் உச்சிக்குப் போய் நின்றால், படிவம் முழுவதையும் மறுபடி கேட்டுக்கொண்டே இறங்கி வர வேண்டியிருக்கும்.

உங்கள் ஆப்பைச் சோதிக்க

படிவத்தில் இரண்டு மூன்று கட்டங்களை நிரப்புங்கள். அப்புறம் எழும்பி வரக்கூடிய ஒவ்வொன்றையும் திறந்து, எதையும் தேர்ந்தெடுக்காமல், ஒரே ஒரு முறை பேக் அழுத்துங்கள். மேலே இருந்தது மட்டும் மூடியதா? நிரப்பியது இருக்கிறதா? மறுபடி திறந்து, இந்த முறை வெளியே தொட்டு மூடுங்கள். அடுத்த பேக் வீணாகப் போகாமல் திரையை நகர்த்துகிறதா? மெனுவுக்குள் இன்னொரு மெனு இருந்தால் ஒரு அழுத்தத்துக்கு ஒன்றாக இறங்குகிறதா? விசைப்பலகை திறந்திருக்கும்போதும் ஒரு முறை. போனின் அமைப்புகளில் மூன்று பொத்தானிலிருந்து ஓர இழுப்புக்கு மாற்றி, எல்லாவற்றையும் இன்னொரு முறை.

ஓர இழுப்புக்கு மாற்றியபோது எனக்கு இன்னொரு பிழையும் அகப்பட்டது. இடது ஓரத்திலிருந்து இழுத்தால் பழைய பதிவுகளின் பட்டியல் வெளியே வரும்படி செய்திருந்தேன். அந்த ஓரம் இப்போது பேக்குக்குச் சொந்தம். இழுத்தால் ஒரு முறை பட்டியல் வந்தது, அடுத்த முறை திரை மூடியது. பட்டியலை மேலே ஒரு பொத்தானுக்கு மாற்றிவிட்டேன். சித்தப்பாவுக்கு அதைக் காட்டிக் கொடுக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பாபநாசம் போனேன்.